சந்தைக்கு முன் தராசு

குஜராத்தின் சூரத் நகரைச் சுற்றித் துணிக்குச் சாயமேற்றி அச்சிடும் ஆலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சாயத் தொட்டிக்கு நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். கொதிகலனில் எரிவது பெரும்பாலும் நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும்தான். அந்தப் புகைபோக்கிகள் கக்கும் நுண்துகள்களுக்கென்று 2019இல் ஒரு சந்தை திறக்கப்பட்டது. எல்லா ஆலைகளும் சேர்ந்து எவ்வளவு துகளை வெளியேற்றலாம் என்று அரசு ஒரு மொத்த வரம்பு விதித்தது. அந்த வரம்பைக் கிலோ கணக்கில் உரிமங்களாகப் பிரித்து, ஆலைகள் தங்களுக்குள் அவற்றை வாங்கவும் விற்கவும் அனுமதித்தது. குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து இந்த ஏற்பாட்டை வடிவமைத்து, அதன் விளைவை அளந்தவர்கள் நான்கு பொருளியலாளர்கள்: சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிரீன்ஸ்டோன், யேல் பல்கலைக்கழகத்தின் ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயான், வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன். அவர்களுடைய ஆய்வு 2025இல் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. இந்தியா நாடு தழுவிய கார்பன் சந்தையைக் கட்டி எழுப்பும் இந்த நேரத்தில், நம் கையில் இருக்கும் மிக உறுதியான உள்நாட்டுச் சான்று இதுவே.

உமிழ்வு வணிகத்தைப் பற்றிய வாதம் பல ஆண்டுகளாக இரண்டு துருவங்களுக்கிடையே நடக்கிறது. சந்தையைத் திறந்துவிட்டால் விலை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. மாசுபடுத்தும் உரிமையைக் காசுக்கு விற்பதே இதன் சாரம் என்கிறது மற்றொரு தரப்பு. இரு தரப்பும் கண் வைப்பது விற்பனையின் மீது. சான்றுகளை நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உமிழ்வுச் சந்தையின் பலம் அது தொடங்குவதற்கு முன் அரசு செய்து முடிக்கும் மூன்று வேலைகளில் இருக்கிறது. புகையைப் பொய்யில்லாமல் அளப்பது, மொத்தத்துக்கு உண்மையான வரம்பு வைப்பது, மீறினால் தண்டம் தப்பாமல் விழச் செய்வது ஆகியவையே அவை. இந்த மூன்றும் இருந்தால் வணிகம் செலவைக் குறைத்துத் தருகிறது. ஒன்று இல்லாவிட்டாலும் மிஞ்சுவது காகிதம் மட்டுமே. சூரத்திலிருந்தும், அதற்கு முன்பு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவற்றிலிருந்தும் இந்த முடிவுக்கு வரலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோட்பாடு எளிமையானது. தன் புகையால் பிறருக்கு நேரும் கேட்டுக்கு ஆலை எதையும் செலுத்துவதில்லை. ஆகவே அளவுக்கு மீறிப் புகைவிடுகிறது. இதற்கு வரி விதிக்கலாம் என்ற சிந்தனைக்கு 1920இல் ஆர்தர் பிகூ வடிவம் கொடுத்தார். உரிமைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டால் பேரம் பேசித் தீர்வு காணலாம் என்று 1960இல் ரொனால்டு கோஸ் எழுதினார். 1960களின் பிற்பாதியில் தாமஸ் குரோக்கரும் ஜான் டேல்ஸும் இதைக் காற்றுக்கும் நீருக்கும் பொருத்தி, உரிமங்களை விற்று வாங்கும் முறையை முன்மொழிந்தார்கள். இரண்டு ஆலைகளை எண்ணிக்கொள்வோம். ஒரு கிலோ துகளைக் குறைக்க முதல் ஆலைக்குப் பத்து ரூபாய் ஆகிறது. பழைய கொதிகலன் வைத்திருக்கும் இரண்டாவது ஆலைக்கு அறுபது ரூபாய் ஆகிறது. இரண்டும் தலா நூறு கிலோ குறைக்க வேண்டும் என்று ஆணையிட்டால் மொத்தச் செலவு ஏழாயிரம் ரூபாய். முதல் ஆலையே இருநூறு கிலோவையும் குறைத்து, இரண்டாவது ஆலையிடம் அதற்கு விலை வாங்கிக்கொண்டால் மொத்தச் செலவு இரண்டாயிரம்தான். காற்றில் கலக்கும் துகள் இரண்டு வழியிலும் ஒன்றே. யாருக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அதிகாரி கண்டறிய வேண்டியதில்லை. ஆலைகள் கேட்கும் விலையிலும் கொடுக்கும் விலையிலும் அது தானே வெளிப்பட்டுவிடும். இந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது: ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு வெளியேற்றியது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அது.

அமெரிக்கா இந்த அனுமானத்தைச் சட்டத்தால் நிஜமாக்கியது. அமில மழையைத் தடுக்க 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், முக்கியமாக மின்நிலையங்கள் வழியே, கந்தக டைஆக்சைடு உமிழ்வை 1980ஆம் ஆண்டு அளவைவிட ஒரு கோடி டன் குறைக்க இலக்கு வைத்தது. 1995இல் முதல் கட்டம் தொடங்கியபோது புகைபோக்கிகளில் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் கட்டாயமாயின; கணக்குகள் அனைவர் பார்வைக்கும் வைக்கப்பட்டன; உரிமத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 டாலர் தண்டம் தானாக விழுந்தது. வழக்கோ வாய்தாவோ தேவைப்படவில்லை. உமிழ்வும் குறைந்தது; எதிர்பார்த்ததைவிடச் செலவும் குறைந்தது. அந்தச் செலவுக் குறைவு முழுவதையும் வணிகத்தின் கணக்கில் எழுத முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1980இல் ரயில் சரக்குக் கட்டணங்கள் மீதான கட்டுப்பாடு தளர்ந்ததால், மேற்கு மாநிலமான வயோமிங்கின் கந்தகம் குறைந்த நிலக்கரி மலிவாகக் கிழக்கே வரத் தொடங்கியிருந்தது. அந்த வாய்ப்பை எந்த நிலையம் எப்போது பயன்படுத்துவது என்ற முடிவை நிலையங்களிடமே விட்டதுதான் சந்தை செய்த வேலை. குறைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரம்பிலிருந்தும் கருவியிலிருந்தும் வந்தது.

இந்தியாவின் நிலைமை வேறு. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் மாநில வாரியங்களுக்குக் கடுமையான அதிகாரங்களைத் தந்தது. ஆலையை மூடலாம், மின் இணைப்பைத் துண்டிக்கலாம், குற்ற வழக்குத் தொடரலாம் என்றிருந்தது. தண்டனை இவ்வளவு பெரிதாக இருந்ததே அதன் பலவீனம். சிறு மீறலுக்காக நூறு பேரின் வேலையைப் பறிக்க எந்த அதிகாரியும் தயங்குவார். அதனால் மிக மோசமான மீறல்கள் மட்டுமே நடவடிக்கைக்கு உள்ளாயின. மற்றவை கடிதப் போக்குவரத்தோடு நின்றுவிட்டன. இன்னொரு குறையும் உண்டு. இந்திய விதிமுறை புகையின் செறிவுக்குத்தான் வரம்பு வைக்கிறது: ஒரு கனமீட்டர் புகையில் இத்தனை மில்லிகிராம் துகள் என்று. மொத்த எடைக்கு வரம்பில்லை. ஆலைகள் இரண்டு மடங்கானால், ஒவ்வொன்றும் விதியை மதித்தாலும் ஊரின் காற்றில் சேரும் துகள் இரண்டு மடங்காகும். செறிவையும்கூட ஆண்டுக்குச் சில முறை ஒருவர் ஏறிப்போய் மாதிரி எடுத்துத்தான் அறிய வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளில் வடிகட்டியை ஓடவிட்டால் போதும்.

கிரீன்ஸ்டோன் குழுவினர் சந்தையில் தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்களில் சிலர் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்ளோவுடன் சேர்ந்து முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி, நம்மிடம் இருக்கும் எண்கள் மெய்யா என்பதே. குஜராத்தில் 1990களிலிருந்தே உயர் நீதிமன்ற உத்தரவின்படி தனியார் தணிக்கையாளர்கள் ஆலைகளின் மாசை அளந்து வாரியத்துக்கு அறிக்கை தந்துவந்தார்கள். தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குக் கூலி கொடுத்ததும் தணிக்கைக்கு உள்ளாகும் ஆலையேதான். அவர்கள் தந்த அளவீடுகள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குச் சற்றே கீழே கொத்தாகக் குவிந்திருந்தன. நுண்துகள் வரம்பை மீறியவை 7 சதவீத ஆலைகளே என்றன அறிக்கைகள். ஆய்வாளர்கள் தனியே அளந்தபோது 59 சதவீத ஆலைகள் மீறியிருந்தன. பிறகு ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறை மாற்றப்பட்டது. எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்குப் போவது என்பது குலுக்கலில் முடிவானது. கூலி பொது நிதியிலிருந்து ஒரே அளவாகக் கிடைத்தது. அளந்த இடத்தில் இன்னொருவர் திரும்பப் போய்ச் சரிபார்த்தார். வரம்பைத் தாண்டிய ஆலையை ஒழுங்கானது என்று பொய்யாக எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் தம் மாசைக் குறைத்தன. 2013இல் வெளியான இந்த ஆய்வு தணிக்கையாளர்களின் குணத்தைப் பழிக்கவில்லை. அதே மனிதர்கள், கூலி வரும் திசை மாறியதும், உண்மையை எழுதினார்கள்.

அடுத்த கேள்வி, அதிகாரிகள் அடிக்கடி போனால் போதாதா என்பது. குஜராத்திலேயே 960 ஆலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு ஆய்வு வருகைகளை இரண்டு மடங்குக்கும் மேலாக்கிப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவு ஏமாற்றம் தருவது: விதியை மதிப்பது சிறிதளவு கூடியது, சராசரி உமிழ்வு குறையவில்லை. மிக மோசமான ஆலைகளை அனுபவமுள்ள அதிகாரிகள் ஏற்கெனவே அறிந்து அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கூடுதல் வருகைகள் சிறு மீறல்களையே கண்டுபிடித்தன. சிறு மீறல்களுக்குத் தகுந்த சிறு தண்டனை சட்டத்தில் இல்லாததால் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்போடு நின்றது. முந்தைய ஆய்வு அளவையில் இருந்த பொய்யைக் காட்டியது. இந்த ஆய்வு தண்டனையில் இருந்த இடைவெளியைக் காட்டியது. சூரத் சந்தை இந்த இரண்டு பாடங்களின் மேல் எழுந்தது. அதை வெறும் சந்தைப் பரிசோதனையாகப் பார்ப்பவர்கள், பத்தாண்டு உழைப்பின் கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்கிறார்கள்.

சூரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகளின் புகைபோக்கிகளில் முதலில் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. பிறகு ஏறத்தாழப் பாதி ஆலைகள் சமவாய்ப்பு முறையில் சந்தைக்குள் கொண்டுவரப்பட்டன. எஞ்சிய பாதி பழைய சட்டத்தின் கீழேயே இருந்தன. மருந்தின் பயனை அறிய நோயாளிகளை இரு குழுவாகப் பிரிப்பது போன்ற முறை இது. சந்தை ஆலைகளுக்குச் சேர்த்து வைத்த மாத வரம்பு தொடக்கத்தில் 280 டன். பின்னர் அது படிப்படியாக 170 டன்னாக இறக்கப்பட்டது. உரிமங்களில் 80 சதவீதம் கொதிகலன்களின் அளவைப் பொறுத்து இலவசமாகவும் 20 சதவீதம் ஏலத்திலும் தரப்பட்டன. கிலோவுக்கு 5 ரூபாய்க்குக் கீழே போகாமல் ஓர் அடித்தளமும், 100 ரூபாய்க்கு மேலே போகாமல் ஓர் உச்சமும் விலைக்கு வைக்கப்பட்டன. ஒவ்வொரு ஆலையும் தன் அளவுக்கேற்ப முன்கூட்டியே ஒரு வைப்புத்தொகை கட்டியிருந்தது. கணக்கு முடிக்கும் நாளில் வெளியேற்றியதற்கு ஈடான உரிமம் கையில் இல்லாவிட்டால், பற்றாக்குறையாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் உச்ச விலையைப் போல் இரண்டு மடங்கு அந்தத் தொகையிலிருந்து கழிக்கப்படும். ஆலையை மூடுவது என்ற பெரிய கத்திக்குப் பதிலாக, மீறிய அளவுக்கே விழும் சிறிய தண்டம். சிறியது என்பதாலேயே அது விழாமல் போகவில்லை.

விளைவு தெளிவாக இருந்தது. சந்தைக்குள் இருந்த ஆலைகளின் துகள் உமிழ்வு, வெளியே இருந்தவற்றோடு ஒப்பிட 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. சந்தை ஆலைகள் 99 சதவீதம் உரிமக் கணக்கை நேர்செய்தன. பழைய சட்டத்தின் கீழ் இருந்தவையோ குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நேரம் வரம்பை மீறிக்கொண்டிருந்தன. ஒரே அளவு மாசைக் குறைக்க ஆகும் செலவு சந்தையால் ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். காக்கப்படும் உயிர்களின் மதிப்பைச் செலவோடு ஒப்பிட்டால் பயன் குறைந்தபட்சம் 25 மடங்கு. இந்த எண்களில் மிக முக்கியமானது பலர் கடந்துபோகும் ஒன்று: ஒப்பீட்டுக் குழுவின் ஆலைகளிலும் அதே கருவிகள் இருந்தன. ஆகவே அளப்பது மட்டும் போதவில்லை. அளந்த எண்ணுக்குப் பணத்தில் பொருள் வந்தபோதுதான் ஆலைகள் அசைந்தன. மறுபக்கம், வணிகத்தால் வந்த செலவுச் சேமிப்பு 11 சதவீதம் என்பது நல்ல பலன்தான், ஆனால் அற்புதம் இல்லை. பெரிய மாற்றம் நிகழ்ந்த இடம் விதியை மதிப்பதில்தான். சட்டம் எழுதப்பட்டுப் பல பத்தாண்டுகளான பின்பு, முதல்முறையாக அது எழுதியபடியே நடந்தது.

வரம்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பா காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகம் 2005இல் தொடங்கியபோது எத்தனை உரிமங்கள் தருவது என்பதை உறுப்பு நாடுகளே முன்மொழிந்தன. ஒவ்வொன்றும் தன் தொழில்களுக்குத் தாராளமாக அள்ளிக் கொடுத்தது. முந்தைய உமிழ்வுக்கு நம்பகமான கணக்கே அப்போது இல்லை. 2006 வசந்தத்தில் முதல் ஆண்டின் சரிபார்த்த எண்கள் வெளியானபோது, கொடுத்த உரிமம் நடந்த உமிழ்வைவிட அதிகம் என்பது தெரிந்து விலை சரிந்தது. 2007 முடிவில் அது ஏறத்தாழப் பூஜ்யமானது. அடுத்த கட்டத்தில் பொருளாதார நெருக்கடியால் உற்பத்தி சுருங்கி உரிமங்கள் தேங்க, 2013இல் ஒரு டன் ஐந்து யூரோவுக்கும் கீழே இறங்கியது. அந்தச் சந்தையின் தொடக்க ஆண்டுகளை ஆராய்ந்த டென்னி எல்லர்மன் போன்ற பொருளியலாளர்கள், பிழை வணிகத்தில் இல்லை, ஒதுக்கீட்டில் இருந்தது என்று காட்டினார்கள். தேங்கிய உரிமங்களை விழுங்கும் நிலைப்படுத்தும் இருப்பு 2019இல் செயலுக்கு வந்தது. வரம்பும் வேகமாக இறக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் விலை 100 யூரோவைத் தொட்டது. அந்த ஆண்டு, இத்திட்டத்துக்கு உட்பட்ட மின்நிலையங்கள், ஆலைகளின் உமிழ்வு 2005ஆம் ஆண்டைவிட ஏறத்தாழ 47 சதவீதம் குறைந்திருந்தது. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் தந்த மானியங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பிரெஞ்சுத் தொழிற்சாலைகளை ஒத்த நிறுவனங்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, உற்பத்தி சுருங்காமலே உமிழ்வு 14 முதல் 16 சதவீதம் குறைந்ததைக் கண்டது. ஒரே சந்தை, ஒரே விற்பனை விதிகள். வரம்பு மெய்யானபோது விளைவும் மெய்யானது.

வரம்பே இல்லாத வணிகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் வந்த தூய்மை மேம்பாட்டு ஏற்பாட்டில், வளரும் நாட்டில் ஒரு திட்டத்தால் தவிர்க்கப்பட்ட உமிழ்வுக்குச் சான்று தந்து பணக்கார நாடுகள் அதை வாங்கிக்கொண்டன. தவிர்க்கப்பட்டது எவ்வளவு என்பதை அறிய, அத்திட்டம் இல்லாத ஓர் உலகைக் கற்பனை செய்ய வேண்டும். கற்பனையை எந்தக் கருவியும் அளக்காது. இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்த பொருளியலாளர் குழு ஒன்று, ஒப்புதல் பெற்ற சான்றுகளில் குறைந்தது 52 சதவீதம் எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே போனதாகக் கண்டது. காற்று மின்சாரத்தில் நெடுங்காலம் நாட்டுக்கே முன்னோடியாக இருந்த தமிழ்நாட்டுக்கு இது நெருக்கமான செய்தி. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் சுழலும் ஆலைகள் நாட்டுக்கு நன்மை செய்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்படி எப்படியும் எழுந்திருக்கக்கூடிய ஆலையின் சான்றை வாங்கி, தொலைவில் ஒருவர் தன் புகையைத் தொடர்ந்தால், உலகின் மொத்த உமிழ்வு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. வரம்புக்குள் நடக்கும் வணிகத்தையும் வரம்பில்லாத ஈட்டுச் சான்றையும் ‘கார்பன் கிரெடிட்’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால் முன்னதன் நற்பெயரைப் பின்னது கடன் வாங்கிக்கொள்கிறது.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது அறம் சார்ந்தது. மாசுபடுத்தும் உரிமையை விற்பது அந்தச் செயலின் மீதுள்ள இகழ்ச்சியைத் துடைத்துவிடுகிறது. தண்டம் என்பது கட்டணமாக மாறிவிடுகிறது என்று தத்துவ அறிஞர் மைக்கேல் சாண்டல் 1997இல் எழுதினார். இந்தக் கவலை மதிக்கத்தக்கது. ஆனால் இன்றைய நிலையோடு ஒப்பிட்டுத்தான் இதை எடைபோட வேண்டும். செறிவு வரம்புக்குள் எவ்வளவு டன் வேண்டுமானாலும் இலவசமாக வெளியேற்றலாம்; வரம்பைத் தாண்டினாலும் பெரும்பாலும் ஒன்றும் நேராது. அந்த உரிமை ஏற்கெனவே விலையில்லாமல் வழங்கப்பட்டுவிட்டது. சந்தை அதை எண்ணிக்கைக்கு உட்படுத்தி, ஆண்டுக்கு ஆண்டு சுருக்குகிறது. எல்லா நஞ்சுக்கும் இந்த வழி பொருந்தாது என்பதும் உண்மை. ஒரு தெருவுக்குள்ளேயே கொல்லும் பொருளுக்கு வணிகம் கூடாது. அதைத் தடைதான் செய்ய வேண்டும். மொத்த அளவு முக்கியமாகவும், வெளியேறும் இடம் அவ்வளவு முக்கியமில்லாததாகவும் இருக்கும் மாசுக்கே சந்தை தகும். கார்பன் டைஆக்சைடு அப்படிப்பட்டது; சூரத்தில் விட்டாலும் சேலத்தில் விட்டாலும் அது ஒரே வானத்தில் கலக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதிலிருந்தே கிளைக்கிறது. கார்பன் தனியே வெளியேறுவதில்லை; துகளும் கந்தகமும் அதோடு வருகின்றன. உரிமத்தை வாங்கிப் புகையைத் தொடரும் ஆலையின் நிழலில் பெரும்பாலும் ஏழைகளே வாழ்கிறார்கள். கலிபோர்னியாவில் இந்தக் குற்றச்சாட்டு வலுவாக எழுந்தது. பின்னர் வந்த விரிவான ஆய்வு, அங்கே 2013இல் தொடங்கிய கார்பன் சந்தையால் பின்தங்கிய பகுதிகளுக்கும் பிற பகுதிகளுக்கும் இடையிலான மாசு இடைவெளி குறுகியதாகக் கண்டது. அந்த முடிவு எங்கும் தானாக வந்துவிடாது. ஆகவே கார்பன் சந்தையோடு உள்ளூர் மாசு விதிகளும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தளர்த்தக் கூடாது. உரிமங்களை இலவசமாகக் கொடுப்பதிலும் ஒரு நீதிப் பிரச்சினை இருக்கிறது. ஐரோப்பாவின் முதல் கட்டத்தில் மின் நிறுவனங்கள் இலவசமாகப் பெற்ற உரிமத்தின் விலையை மின் கட்டணத்தில் ஏற்றிப் பெருலாபம் பார்த்தன. பொதுச் சொத்தான காற்றின் வாடகை பொதுமக்களுக்கு வர வேண்டுமானால் ஏலத்தின் பங்கு கூடிக்கொண்டே போக வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் இந்தியாவுக்கு மிகக் கனமானது. ஓர் இந்தியரின் சராசரி கார்பன் உமிழ்வு உலகச் சராசரியின் பாதிகூட இல்லை. வளர வேண்டிய நாடு தன் மொத்த உமிழ்வுக்கு இன்றே பூட்டுப் போடுவது நியாயமா? நியாயமில்லை என்பதே என் கருத்தும். 2022இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் அடிப்படையில் 2023இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் இதனால்தான் மொத்த வரம்பைத் தவிர்த்து, ஒரு டன் சிமென்ட்டுக்கு அல்லது அலுமினியத்துக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்துக்கு இலக்கு வைக்கிறது. இலக்கைவிடச் சிறப்பாகச் செய்த ஆலை சான்று பெறும். பின்தங்கிய ஆலை வாங்க வேண்டும். இது நேர்மையான சமரசம். ஆனால் அதன் குறையை மறைக்கக் கூடாது. விகிதம் இறங்கினாலும் உற்பத்தி பெருகினால் மொத்த உமிழ்வு ஏறும். இலக்கே தளர்வாக இருந்தால் யாரும் எதையும் செய்யாமலே சான்றுகள் குவியும். 2012இல் 478 பெரிய ஆலைகளோடு தொடங்கிய எரிசக்திச் சிக்கன வணிகத் திட்டத்தில் நிகழ்ந்தது இதுவே: எளிதான இலக்குகள், மிதமிஞ்சிய சான்றுகள், சரிந்த விலை. சீனா 2021இல் தொடங்கிய மின்துறைக் கார்பன் சந்தையும் விகித அடிப்படையிலானதே. அங்கே மறு ஆண்டே சில ஆலோசனை நிறுவனங்கள் நிலக்கரி மாதிரிகளின் எண்களைப் பொய்யாக மாற்றியதை அந்நாட்டு அமைச்சகமே வெளிப்படுத்தியது. குஜராத் தணிக்கை அறிக்கைகளில் பார்த்த அதே நோய் இது.

ஆக, விகித இலக்கைக் கைவிடச் சொல்வதைவிட, அதை மெய்யானதாக்குவது எப்படி என்று கேட்பதே பயனுள்ளது. இதற்கு விடைகள் நம் நாட்டுச் சான்றிலேயே இருக்கின்றன. உமிழ்வைச் சரிபார்ப்பவரை ஆலை தேர்ந்தெடுக்கக் கூடாது. குலுக்கலில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து கூலி கொடுத்து, ஒரு பகுதி அறிக்கைகளை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஏமாற்றால் வரும் இழப்போடு ஒப்பிட மிகச் சிறியது. எரித்த நிலக்கரியின் அளவையும் தரத்தையும் கொண்டு கார்பனைக் கணக்கிட முடியும் என்பதால், துகளைவிடக் கார்பனை அளப்பது எளிது என்ற சாதகமும் இருக்கிறது. சூரத்தில் வைத்ததுபோல் விலைக்கு அடித்தளம் வேண்டும். இலக்கு தளர்வாகிவிட்டாலும் சந்தை அடியோடு சாயாமல் அது தாங்கும். பற்றாக்குறைக்கான தண்டம் முன்கூட்டியே கட்டிய வைப்பிலிருந்து கழிய வேண்டும். பத்தாண்டு வழக்காக அது நீளக் கூடாது. ஆலைவாரியான எண்கள் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். கடைசியாக, சூரத் வரம்பு 280 டன்னிலிருந்து 170 டன்னுக்கு இறங்கியதுபோல், விகித இலக்குகளும் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட பாதையில் இறங்க வேண்டும். நாட்டின் உமிழ்வு உச்சத்தை நெருங்கும்போது மொத்த வரம்புக்கு மாறும் நாளும் அந்தப் பாதையில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பா இறக்குமதியாகும் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் எல்லையில் கார்பன் கட்டணம் விதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்ட நிலையில், உள்நாட்டில் மெய்யான விலை இருந்தால் அந்தப் பணத்தின் ஒரு பகுதியாவது நம்மிடமே தங்க வழி பிறக்கும்.

இத்தனையும் செய்யத் திறனுள்ள அரசு நேரடியாகவே ஆணையிட்டுவிடலாமே, பிறகு சந்தை எதற்கு என்று கேட்கலாம். கூர்மையான கேள்வி இது. சூரத்தின் விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஆணை எல்லா ஆலைக்கும் ஒரே அளவு; ஒருவருக்குத் தாங்க முடியாததாகும்போது, அவரை முன்னிறுத்தி எல்லோரும் தளர்வு கேட்பார்கள். வாங்கி ஈடுசெய்யும் வழி திறந்திருந்தால் அந்த முறையீட்டுக்கு இடமில்லாமல் போகிறது. செலவு குறைந்தால் வரம்பை மேலும் இறுக்க அரசியல் துணிவும் பிறக்கிறது. 11 சதவீதச் சேமிப்பின் உண்மையான மதிப்பு அதுவே. இரண்டாவது, சந்தை அரசைத் தொடர்ந்து கண்காணிப்புக்கு உள்ளாக்குகிறது. உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஆலை, அண்டை ஆலை ஏமாற்றுவதைப் பொறுக்காது. கருவி பழுதானால் வாங்கியவரும் விற்றவரும் கேள்வி கேட்பார்கள். அளவையின் நேர்மையில் தொழிலதிபர்களுக்கே அக்கறை உண்டாவது சட்டத்தால் மட்டும் வராத நன்மை.

2011இல் மத்திய அரசு இந்தத் துகள் சந்தையை முன்மொழிந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலங்கள் மூன்று: குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு. முதலில் செய்து முடித்தது குஜராத். சூரத்துக்குப் பின் அகமதாபாத்துக்கும் அதை விரித்தது. தமிழ்நாட்டிலும் பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் கருவிகள் பொருத்தப்பட்டு, அவற்றின் எண்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. சூரத்தின் ஒப்பீட்டுக் குழு நமக்குக் கற்றுத் தந்தது இந்த இடத்தில்தான் பொருந்துகிறது: எண் வந்து சேர்வதோடு வேலை முடிவதில்லை, அந்த எண்ணைச் சார்ந்து ஆலையின் பணப்பெட்டி அசைய வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் மூத்தோர் சொன்னது பொருளை வீணாக்காதே என்ற எச்சரிக்கை. ஆற்றிலும் காற்றிலும் கணக்கில்லாமல் கொட்டிய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தச் சொல் பொதுக் கொள்கையாக வேண்டிய காலம் வந்திருக்கிறது. கார்பன் சந்தையைக் கட்டும் அதிகாரிகள் முதலில் நிறுத்த வேண்டியது தராசை. அது நேராக நின்ற பிறகு கடை விரித்தால், அங்கே நடக்கும் வணிகம் மெய்யாகவே காற்றைத் தூய்மையாக்கும்.